நடுவர் பதில்கள்: கணக்கில் ஏறாத நான்கு ரன்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மனக்குறையைத்தான் வெவ்வேறு ஆட்டங்களின் பெயரால் சொல்கின்றன: நடுவர் தவறு செய்தார், அதனால் ஓர் அணி தோற்றது. மாவட்ட லீக் ஆட்டங்களில் 22 ஆண்டுகள் வெள்ளைக் கோட்டு அணிந்து நின்றவன் என்ற முறையில், கோபப்படுவதற்கு முன் ஒரேயொரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளும்படி வாசகர்களை வேண்டுகிறேன். விதி அந்த நடுவரை எந்தக் கணத்தைப் பார்க்கச் சொல்கிறது? பந்து ஃபீல்டரின் கையை விட்ட கணத்தையா, மட்டையாளரின் காலில் பட்ட கணத்தையா, பெயில்ஸ் விழுந்த கணத்தையா? ரன் கணக்கில் எழும் சச்சரவுகளில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

கேள்வி: 2024 டி20 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவிடம் வங்கதேசம் 4 ரன்களில் தோற்றது. மஹ்முதுல்லாவின் காலில் பட்ட ஒரு பந்து பவுண்டரிக்குப் போனது. அவர் அவுட் இல்லை என்று டிஆர்எஸ்ஸில் (நடுவரின் முடிவை வீடியோ கொண்டு மறுபரிசீலனை செய்யும் முறையில்) தெரிந்த பிறகும், மட்டையில் படாமல் காலில் பட்டு வந்த அந்த 4 லெக் பை ரன்களைத் தரவில்லை. இது என்ன நியாயம்? – நாகர்கோவில் வாசகர்

பதில்: நியூயார்க்கில் 2024 ஜூன் 10 அன்று நடந்த ஆட்டம் அது. தென்னாப்பிரிக்கா 113 ரன்கள் எடுத்தது. வங்கதேசம் 109-இல் நின்றது. 17-வது ஓவரில் பார்ட்மேன் வீசிய பந்து மஹ்முதுல்லாவின் கால்காப்பில் பட்டு, விக்கெட் கீப்பருக்குப் பின்னால் ஓடி எல்லைக்கோட்டைத் தொட்டது. ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் கால் மறித்தது, எல்பிடபிள்யூ, என்று நடுவர் விரலை உயர்த்தினார். மஹ்முதுல்லா மறுபரிசீலனை கேட்டார். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே போயிருக்கும் என்று தெரிந்ததும் அவுட் நீக்கப்பட்டது. ஆனால் ரன்கள் திரும்பி வரவில்லை. தோல்வியின் அளவும் அந்த 4 ரன்கள்தான் என்பதால் உங்களுக்கு ஆறாமல் இருப்பது எனக்குப் புரிகிறது.

விதியின் ஏற்பாடு இதுதான். நடுவர் அவுட் என்று அறிவித்தால் பந்து அத்தோடு 'டெட் பால்', அதாவது ஆட்டத்தில் இல்லாத பந்து, ஆகிவிடுகிறது. அந்த முடிவு பின்னால் மாற்றப்பட்டாலும், முதல் முடிவின் காரணமாக உயிரிழந்த பந்து மறுபடி உயிர் பெறுவதில்லை. மட்டையாளருக்கு விக்கெட் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பின் சேர்ந்த ரன்கள் கிடைக்காது. பந்து நோ-பால் (விதிமீறி வீசப்பட்டது) என்று தெரிந்தால் அதற்குரிய ஒரு ரன் மட்டும் உண்டு. இதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. அந்தப் பந்து ஓவரில் ஒரு பந்தாக எண்ணப்படுகிறது. ஆக வங்கதேசம் இழந்தது 4 ரன்களை மட்டுமல்ல, ஒரு பந்தையும் சேர்த்துத்தான்.

ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள்? நடுவரின் விரல் உயர்ந்ததைக் கண்ட ஃபீல்டர் ஓடுவதை நிறுத்திவிடுகிறார். பந்துவீச்சாளரைக் கட்டிக்கொள்ள எல்லோரும் நடுவே ஓடி வருகிறார்கள். அந்த நேரத்தில் ஆளில்லாத திசையில் உருண்டு பவுண்டரியைத் தொடும் பந்துக்கு ரன் கொடுத்தால், நடுவரை நம்பி நின்ற அணியைத் தண்டித்ததாகிவிடும். "நியூயார்க்கில் அந்தப் பந்தை யாராலும் தடுத்திருக்க முடியாதே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அடுத்த ஆட்டத்தில், தடுத்திருக்கவும் கூடும் தவறவிட்டிருக்கவும் கூடும் என்ற தூரத்தில் ஒரு ஃபீல்டர் நின்றிருப்பார். அவர் பாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மூன்றாவது நடுவரை ஊகிக்கச் சொல்வது, நடக்காத ஆட்டத்துக்கு ரன் போடுவதாகும். அதனால் இந்த விதியை மாற்றக் கூடாது என்பதே என் எண்ணம். அதே வேளையில், காலில் பட்ட பந்து வேகமாக எல்லையை நோக்கிப் போகும்போது உயர்த்தப்படும் விரல் ஒரு விக்கெட்டை மட்டும் தீர்மானிப்பதில்லை, 4 ரன்களையும் சேர்த்தே தீர்மானிக்கிறது என்ற நினைவு அவ்விடத்தில் நிற்கும் ஒவ்வொரு நடுவருக்கும் இருக்க வேண்டும்.

கேள்வி: 2019 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு ஓடிய ஓவர் த்ரோவுக்கு 6 ரன்களா, 5 ரன்களா? என் நண்பர் 6 என்று சொல்லி ஐந்து வருடங்களாக விடாப்பிடியாக நிற்கிறார். – கும்பகோணம் வாசகர்

பதில்: உங்கள் நண்பர் மன்னிக்க வேண்டும், 5 தான்.

லார்ட்ஸில் 2019 ஜூலை 14 அன்று நியூசிலாந்து எடுத்த 241 ரன்களைத் துரத்திய இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 15 ரன்கள் தேவைப்பட்டன. போல்ட் வீசிய முதல் இரண்டு பந்துகளில் ரன் இல்லை; மூன்றாவது சிக்ஸர். நான்காவது பந்தை ஸ்டோக்ஸ் மிட்விக்கெட் பக்கம் அடித்துவிட்டு இரண்டாவது ரன்னுக்குத் திரும்பினார். கப்டில் எறிந்த பந்து, மட்டையை நீட்டிக்கொண்டு கிரீஸுக்குள் பாய்ந்த ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டுத் திசைமாறி எல்லைக்கோட்டைக் கடந்தது. ஸ்டோக்ஸ் தரையிலிருந்தபடியே இரு கைகளையும் உயர்த்தி வருத்தம் தெரிவித்தார். நடுவர் குமார் தர்மசேன சக நடுவர் மரையஸ் எராஸ்மஸுடன் கலந்து பேசி ஆறு விரல்களைக் காட்டினார்.

விதி 19.8 இதற்கென்றே இருக்கிறது. ஃபீல்டரின் எறிதலால் பந்து பவுண்டரிக்குப் போனால், பவுண்டரிக்கான 4 ரன்களோடு, மட்டையாளர்கள் ஓடி முடித்த ரன்களையும் சேர்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ரன்னைச் சேர்க்க வேண்டுமானால், பந்து எறியப்பட்ட கணத்தில் இருவரும் ஒருவரையொருவர் கடந்திருக்க வேண்டும். கப்டிலின் கையிலிருந்து பந்து புறப்பட்டபோது ஸ்டோக்ஸும் அடில் ரஷீத்தும் இரண்டாவது ரன்னில் இன்னும் கடக்கவில்லை. முடித்த ரன் ஒன்று, பவுண்டரி நான்கு, மொத்தம் 5. அதோடு அடுத்த பந்தை ரஷீத் சந்தித்திருக்க வேண்டும். கடைசி 2 பந்துகளில் ஸ்டோக்ஸ் 3 ரன்கள் எடுக்க வேண்டிய நிலை, ரஷீத் முனையில் நிற்க 4 ரன்கள் எடுக்க வேண்டிய நிலையாக மாறியிருக்கும். கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசியின் விதிகள் துணைக் குழுவில் அன்று இருந்த முன்னாள் நடுவர் சைமன் டாஃபெல் மறுநாளே இதைத் தெளிவாகச் சொன்னார். தர்மசேனவும் பின்னர் தொலைக்காட்சியில் பார்த்தபோது தவறு தெரிந்ததாக ஒப்புக்கொண்டார்.

உங்கள் நண்பரின் வாதம் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். விதியில் 'எறிதல் அல்லது செயல்' என்று இருக்கிறது; மட்டையில் பட்டதுதான் அந்தச் 'செயல்' என்பார். அந்தச் சொல் ஃபீல்டர் வேண்டுமென்றே செய்யும் செயலைக் குறிப்பது. மட்டையாளரின் மட்டையில் தற்செயலாகப் பட்டதை அதில் அடக்க முடியாது.

ஆனாலும் இதை வைத்துத் தர்மசேனவைத் திட்டுபவர்களோடு என்னால் சேர முடியவில்லை. மிட்விக்கெட் எல்லையருகே ஒருவர் பந்தை விடும் கணத்தையும், ஆடுகளத்தின் நடுவே இருவர் கடக்கும் இடத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கச் சொல்கிறது அந்த விதி. மனிதனின் கழுத்து ஒரு பக்கம்தான் திரும்பும். இரண்டு நடுவர்கள் இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும்: ஒருவர் எறிபவரின் கையைப் பார்க்க, மற்றவர் ஓடுபவர்களைப் பார்க்க வேண்டும். மாவட்ட அளவில் ஓவர் த்ரோ வரும் ஆட்டங்களில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். அதையும் பல ஆட்டங்களில் தவறவிட்டிருக்கிறோம். விக்கெட் விழுந்த பந்து நோ-பாலா என்று ரீப்ளேயில் பார்த்த காலத்தில், இறுதியாட்டத்தில் 6 ரன்கள் கொடுக்கப்படும்போது மூன்றாவது நடுவரிடம் கேட்க வழியில்லாமல் போனதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆட்டம் 241-இல் சமனாகி, அதைத் தீர்க்க ஆளுக்கு ஓர் ஓவர் ஆடிய சூப்பர் ஓவரும் 15-க்கு 15 என்று சமனாகி, 26-க்கு 17 என்ற பவுண்டரி எண்ணிக்கையில் இங்கிலாந்து வென்றது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பவுண்டரி விதியை ஐசிசி அதே ஆண்டு அக்டோபரில் நீக்கிவிட்டது. இப்போது இறுதியாட்டத்தில் சூப்பர் ஓவர் சமனானால், வெற்றி கிடைக்கும்வரை சூப்பர் ஓவர்தான்.

கேள்வி: சேவாக் 99 ரன்களில் இருந்தபோது அடித்த சிக்ஸர் ஏன் கணக்கில் சேரவில்லை? – பள்ளி மாணவி, ஈரோடு

பதில்: இலங்கையின் தம்புள்ளையில் 2010 ஆகஸ்டில் நடந்தது அது. இரு அணிகளின் ரன்களும் சமமாக இருந்தன. வெற்றிக்கு ஒரு ரன் போதும். சூரஜ் ரண்டிவ் வீசிய பந்து நோ-பால். நோ-பாலுக்கான ஒரு ரன், பந்து வீசப்பட்டவுடனே சேர்ந்துவிடுகிறது. அதோடு இந்தியா வென்றுவிட்டது, ஆட்டமும் முடிந்துவிட்டது. அதன் பிறகு மட்டையில் பட்ட பந்து எங்கே போனாலும் அது ஆட்டத்தைச் சேர்ந்ததல்ல. நோ-பாலாக இல்லாமல் நல்ல பந்தாக இருந்து சிக்ஸர் போயிருந்தால் 6 ரன்களும் சேவாக்குக்குச் சேர்ந்து சதம் ஆகியிருக்கும். வெற்றி ரன் பவுண்டரியாகவோ சிக்ஸராகவோ அமைந்தால் முழு ரன்களையும் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த நோ-பால் வேண்டுமென்றே வீசப்பட்டது என்று முடிவுசெய்து இலங்கை வாரியம் ரண்டிவுக்கு ஓர் ஆட்டத் தடை விதித்தது. நடுவரின் கணக்கில் எந்தத் தவறும் இல்லை, அம்மா.

கேள்வி: கோலி போல்டான பந்தில் எப்படி 3 ரன்கள் ஓட முடிந்தது? ஸ்டம்பில் பட்டவுடன் பந்து டெட் பால் ஆகிவிடாதா? – ஆம்பூர் வாசகர்

பதில்: மெல்போர்னில் 2022 அக்டோபர் 23 அன்று நடந்த இந்தியா–பாகிஸ்தான் ஆட்டத்தைக் கேட்கிறீர்கள். பந்து ஸ்டம்பில் பட்டதாலேயே டெட் பால் ஆகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி விதி இல்லை. பெயில்ஸ் விழுவதால் பந்து உயிரிழப்பதில்லை. மட்டையாளர் அவுட் ஆவதால்தான் உயிரிழக்கிறது. அந்தப் பந்து ஃப்ரீ ஹிட், அதாவது நோ-பாலுக்கு ஈடாகக் கிடைக்கும் பந்து; அதில் போல்ட் முறையில் அவுட் கிடையாது. எனவே முகமது நவாஸின் பந்து ஸ்டம்பைத் தகர்த்துவிட்டு தேர்டு மேன் பக்கம் உருண்டபோது அது உயிருள்ள பந்தாகவே உருண்டது. கோலியும் தினேஷ் கார்த்திக்கும் 3 ரன்கள் ஓடினார்கள்.

அந்த 3 ரன்களை யார் பெயரில் எழுதுவது என்று பல ஊர்களில் ஸ்கோரர்களுக்குள் சண்டையே நடந்திருக்கும். மட்டையில் படாத பந்து, ஆகவே 'பை'. கோலியின் ரன்களிலும் சேராது, பந்துவீச்சாளர் கொடுத்த ரன்களிலும் சேராது. ஸ்கோர் புத்தகத்தில் ஒரு முக்கோணம் போட்டு உள்ளே 3 என்று எழுத வேண்டும். லெக் பை என்றால் அந்த முக்கோணத்தைத் தலைகீழாகப் போடுவோம். கோலி சந்தித்த பந்துகளில் ஒன்றாக அது எண்ணப்படும்.

அந்த ஓவரைக் கணக்கு கற்றுக்கொள்பவர்கள் எழுதிப் பார்க்க வேண்டும். 6 பந்துகளில் 16 தேவை. ஹர்திக் அவுட். கார்த்திக் 1. கோலி 2. அடுத்தது இடுப்புயர நோ-பால், அதில் கோலி அடித்த சிக்ஸர், மொத்தம் 7. பிறகு வைடு, அதனால் ஃப்ரீ ஹிட் தொலையாமல் அடுத்த பந்துக்குப் போகிறது. அதில்தான் இந்த 3 பை. அடுத்து கார்த்திக் ஸ்டம்பிங். ஒரு பந்தில் 2 ரன்கள் என்ற நிலையில் வந்த அஸ்வின், காலுக்கு வெளியே போன பந்தைத் தொடாமல் விலகி நின்றார். அதைத் தொட்டிருந்தால் வைடு இல்லை. ஆட்டம் சமனாகி, இன்னும் ஒரு பந்து மிச்சமிருந்தது. அதை மிட்-ஆஃப் தலைக்கு மேல் அடித்தார். வைடு விதியை அந்தக் கணத்தில் அவ்வளவு தெளிவாக மனத்தில் வைத்திருந்த ஒரு மட்டையாளரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

கேள்வி: பந்து ஸ்டம்பில் படும் என்று கணினியே காட்டுகிறது, ஆனாலும் 'அம்பயர்ஸ் கால்' என்று சொல்லி அவுட் தருவதில்லை. ஒரே பந்து ஒரு நடுவருக்கு அவுட், இன்னொருவருக்கு இல்லை என்றால் எதற்கு இயந்திரம்? – மதுரை வாசகர்

பதில்: ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பந்து எங்கே குத்தியது, காலில் எங்கே பட்டது என்பவை நடந்தவை. கேமராக்கள் அவற்றைப் பதிவுசெய்கின்றன. ஸ்டம்பில் பட்டிருக்குமா என்பது நடக்காதது. காலில் பட்ட இடத்துக்கு அப்பால் பந்து எப்படிப் போயிருக்கும் என்று வரைந்து காட்டப்படும் கணிப்பு. அந்தக் கணிப்பில் சிறிய பிழை இருந்தே தீரும். எனவே பந்தின் மையம் விக்கெட் பரப்புக்குள் இருந்தால் இயந்திரத்தின் சொல் செல்லும். ஓரம் மட்டும் உரசினால் களத்தில் நின்ற நடுவரின் சொல் செல்லும் என்று வைத்திருக்கிறார்கள். அனில் கும்ப்ளே தலைமையிலான ஐசிசி கிரிக்கெட் குழு 2021-இல் இதை விவாதித்து, தக்கவைத்தது. 'அம்பயர்ஸ் கால்' வந்தால் அணி தன் மறுபரிசீலனை வாய்ப்பை இழப்பதில்லை என்பதும் 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் இழந்துகொண்டிருந்தார்கள், அதுதான் அநியாயமாக இருந்தது.

மேலே நாகர்கோவில் வாசகர் கேட்ட அதே நியூயார்க் ஆட்டத்தில் தௌஹித் ஹிருதோய் இப்படித்தான் வெளியேறினார். ரபாடாவின் பந்து லெக் ஸ்டம்பை உரசும் என்று காட்டியது, களத்தில் கொடுத்தது அவுட், ஆகவே அவுட். களத்தில் மறுத்திருந்தால் அவர் தொடர்ந்து ஆடியிருப்பார். உங்களுக்கு இது முரணாகத் தெரிகிறது. பந்துவீச்சாளரின் முனையில் நின்று பார்த்தவனுக்கு அப்படித் தெரிவதில்லை. முதலில் பந்துவீச்சாளரின் முன்பாதத்தைப் பார்க்க வேண்டும். உடனே கண்ணை எடுத்து மறுமுனைக்குப் போக வேண்டும். சில வீச்சாளர்கள் வீசிய வேகத்தில் நம் பார்வைக்குக் குறுக்கே விழுவார்கள். மட்டையா கால்காப்பா என்று ஒலியைக் காதால் பிரிக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகு அவர் சொன்ன முடிவை, சரியோ தவறோ என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு கணிப்பைக் கொண்டு கவிழ்க்கக் கூடாது. டிஆர்எஸ் வந்தது கண்ணுக்குத் தெரியும் பெரும் பிழைகளை நீக்குவதற்கு. 2008 ஜனவரியில் சிட்னியில் இந்தியாவுக்கு எதிராக ஆஸ்திரேலியாவின் சைமண்ட்ஸ் 30 ரன்களில் இருந்தபோது மட்டையில் பட்ட கேட்ச் மறுக்கப்பட்டு, அவர் 162 வரை போனாரே, அது போன்ற பிழைகளை. அந்தத் தொடரில் அவ்வளவு காயப்பட்ட இந்தியாவே 2016 நவம்பர் வரை பெரும்பாலான இரு நாட்டுத் தொடர்களில் டிஆர்எஸ்ஸை ஏற்க மறுத்து வந்தது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

கேள்வி: 1986-இல் சேப்பாக்கத்தில் அந்தக் கடைசி விக்கெட் விழுந்தபோது நான் காலரியில் இருந்தேன். மணிந்தர் சிங் அவுட்டா? இந்த வயதில் ஒரு பதில் கிடைத்தால் நிம்மதி. – 74 வயது வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: ஐயா, நீங்கள் கண்ணால் பார்த்ததை நான் வானொலியில் கேட்டவன்.

செப்டம்பர் 22. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட். இந்தியாவின் வெற்றிக்கு 348. கிரெக் மேத்யூஸ் வீசிய கடைசி ஓவரில் 4 ரன்கள் வேண்டும். ஒரு விக்கெட் மிச்சம். சாஸ்திரி இரண்டாவது பந்தில் 2 ரன்களும், மூன்றாவது பந்தில் ஒரு ரன்னும் எடுத்தார். ரன்கள் சமம். தோல்வி இனி இல்லை என்ற நிலையில் அந்த ஒற்றை ரன்னை எடுத்து மணிந்தரை முனைக்குக் கொண்டுவந்ததை இன்றும் குறை சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். நான்காவது பந்தை மணிந்தர் தடுத்தார். ஐந்தாவது பந்து கால்காப்பில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜுவின் விரல் உயர்ந்தது. 347-க்கு இந்தியா ஆட்டமிழந்தது. 1960-இல் பிரிஸ்பேனில் நடந்ததற்குப் பிறகு டெஸ்ட் வரலாற்றின் இரண்டாவது 'டை' அது. மூன்றாவது இன்றுவரை இல்லை.

மட்டையில் பட்டது என்று மணிந்தர் அன்றும் சொன்னார், பின்னரும் சொல்லி வருகிறார். பட்டிருந்தால் எல்பிடபிள்யூ இல்லை. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால் பட்டதா என்பதைத் தீர்க்கும் கருவி எதுவும் அன்று இல்லை. சேப்பாக்கத்தின் அந்த வெக்கையில், ஐந்தாம் நாளின் கடைசி நிமிடங்களில், அத்தனை ஆயிரம் பேரின் கூச்சலுக்கு நடுவே மெல்லிய ஓர் உரசலின் ஒலி நடுவரின் காதுக்கு எட்டியிருக்குமா? எட்டாமல் போயிருக்கலாம் என்றே நினைக்கிறேன். அவர் கண்ணால் பார்த்ததை வைத்து முடிவு சொன்னார். விரல் சீக்கிரம் உயர்ந்தது என்ற குறையை மட்டும் ஏற்கிறேன். ஓரிரு வினாடி பொறுத்திருந்தால், முடிவு அதுவேயானாலும், யோசித்துக் கொடுத்தார் என்ற பெயராவது அவருக்கு மிஞ்சியிருக்கும். அதன் பிறகு டெஸ்ட் ஆட்டங்களில் அவர் நடுவராக நிற்கவில்லை. சொந்த நாட்டுக்கு எதிராக, அப்படியொரு கணத்தில் விரலை உயர்த்த எவ்வளவு நேர்மை வேண்டும் என்பதை அன்று ஏசியவர்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம். அந்நாளில் இரண்டு நடுவர்களும் உள்நாட்டுக்காரர்களாகவே இருந்தார்கள்.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உங்களோடு காலரியில் இருந்தவர்களில் பலருக்கு அது அன்று தெரிந்திருக்காது. மணிந்தர் அந்தப் பந்தையும் அடுத்த பந்தையும் தடுத்திருந்தால் ஆட்டம் 'டை' ஆகியிருக்காது, 'டிரா'தான். ரன்கள் சமமாக இருப்பது மட்டும் போதாது. கடைசியாக ஆடிய அணி முழுவதும் ஆட்டமிழந்திருக்க வேண்டும். 2011 நவம்பரில் மும்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இந்தியாவுக்கு 243 தேவைப்பட்டது. கடைசிப் பந்தில் அஸ்வின் இரண்டாவது ரன்னுக்கு ஓடி ரன் அவுட் ஆனார். 9 விக்கெட்டுக்கு 242. இரு அணிகளின் மொத்தமும் சமம். ஆனால் ஒரு விக்கெட் மிச்சம் இருந்ததால் அது டிரா. விக்ரம்ராஜுவின் விரல் வரலாற்றில் ஒரு டிராவை டையாக மாற்றியது. மணிந்தர் அவுட்டா என்ற உங்கள் கேள்விக்கு, விதிப்படி ஆம். உண்மையில் என்ன என்பதை அந்த மட்டை மட்டுமே அறியும்.

கேள்வி: ஏஞ்சலோ மேத்யூஸின் தலைக்கவசப் பட்டி அறுந்ததற்கு 'டைம்டு அவுட்' கொடுத்தது மனச்சாட்சிக்கு ஒவ்வுமா? – யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: டெல்லியில் 2023 நவம்பர் 6 அன்று இலங்கை–வங்கதேச உலகக் கோப்பை ஆட்டத்தில் நடந்ததைப் பற்றி இலங்கை வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் கோபம் இன்னும் ஆறவில்லை. விக்கெட் விழுந்த பிறகு ஆடத் தயாராவதற்குப் பொது விதியில் புதிய மட்டையாளருக்கு 3 நிமிடங்கள். அந்த உலகக் கோப்பையின் ஆட்ட நிபந்தனையில் 2 நிமிடங்கள். களத்துக்குள் வந்தால் போதாது. அந்த நேரத்துக்குள் பந்தைச் சந்திக்கத் தயாராக இருக்க வேண்டும். பட்டி அறுவதற்கு முன்பே நேரம் கடந்துவிட்டது என்று நான்காவது நடுவர் விளக்கினார். மேத்யூஸ் அதை ஏற்கவில்லை. வங்கதேசத் தலைவர் ஷாகிப் முறையிட்டார். நடுவர்கள் அவரிடம் திரும்பப் பெறுகிறீர்களா என்று கேட்டார்கள், அவர் மறுத்தார். முறையீடு வந்து, நேரமும் கடந்திருந்தால் நடுவருக்கு இரக்கம் காட்ட இடமில்லை. அந்த அதிகாரம் விதிப்படி ஃபீல்டிங் அணித் தலைவரிடம் இருக்கிறது. நான் தலைவராக இருந்திருந்தால் திரும்பப் பெற்றிருப்பேன். ஆனால் பட்டி அறுந்தவுடன் நடுவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேறு தலைக்கவசம் கேட்டிருந்தால் இந்த நிலையே வந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் போட்டியின் இறுதியாட்டத்தில் நடுவர் ஒரு ஓவரை 5 பந்துகளில் முடித்துவிட்டார். நாங்கள் ஒரு ரன்னில் தோற்றோம். விடுபட்ட பந்தை வீசச் சொல்லி முறையிடலாமா? – இளைஞர் அணி ஒன்றின் தலைவர், தருமபுரி மாவட்டம்

பதில்: முடியாது, தம்பி. நடுவர் தவறாக எண்ணினாலும், அவர் எண்ணியபடி முடிந்த ஓவர் முடிந்ததுதான் என்று விதி 17.5 சொல்கிறது. 7 பந்துகள் வீசப்பட்டிருந்தாலும் ஏழாவது பந்தில் வந்த ரன்னும் விக்கெட்டும் செல்லும்.

உங்கள் வருத்தத்தை நான் மறுபக்கத்திலிருந்து அறிவேன். தொடக்க காலத்தில் பந்தை எண்ண என்னிடம் கருவி இல்லை. இடது பையில் ஆறு புளியங்கொட்டைகள், ஒவ்வொரு பந்துக்கும் ஒன்றை வலது பைக்கு மாற்றுவேன். மேட்டிங் விரித்த ஒரு மைதானத்தில், வைடு போன பந்துக்கும் பழக்கத்தில் ஒரு கொட்டையை மாற்றிவிட்டேன். 'ஓவர்' என்று சொல்லி நடந்த பிறகு, வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த முதிய ஸ்கோரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் அவருடைய புத்தகத்தைப் பார்த்தேன்: நான்கு புள்ளிகள், வைடுக்கான ஒரு கூட்டல் குறி, ஒரு 2. ஆறு குறிகள்; நல்ல பந்துகள் ஐந்துதான். அந்த அணி பின்னர் 2 ரன்களில் தோற்றது. அவர்களுடைய தலைவரிடம் போய் என் தவறைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அதிலிருந்து நான்காவது நல்ல பந்து முடிந்ததும் ஸ்கொயர் லெக்கில் நிற்கும் சக நடுவருக்கு இரண்டு விரல்களைக் காட்டி, அவரும் காட்டிய பிறகே ஐந்தாவது பந்தை வீச விடுவேன். அடுத்த முறை உங்கள் போட்டியில் இரண்டு நடுவர்களிடமும் இதை வற்புறுத்துங்கள். வைடு, நோ-பால், பை என்று எந்தச் சைகைக்கும் ஸ்கோரர் கையை உயர்த்தி ஏற்றுக்கொள்ளும்வரை அடுத்த பந்தை வீச விடக் கூடாது என்பதும் விதிதான். ஊர்ப் போட்டிகளில் அதை யாரும் கடைப்பிடிப்பதில்லை. இரு அணிகளும் ஆளுக்கொரு ஸ்கோரரை ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, ஓவருக்கு ஓவர் இரண்டு புத்தகங்களையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.